வேலையில்லாத ஐந்தாம் அங்கம்

இன்று காலை நம் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் அகத்துக்காரர், உன் அம்மா, உன் அண்ணன், சாஸ்திரிகள். ஐந்தே பேர். வேறு யாரும் வரவில்லை, வருவதாகவும் இல்லை. ஆனாலும் உள்ளே போய்க் காபி கலந்து தட்டில் வைத்து எடுத்து வந்தபோது ஆறு டம்ளர் இருந்தன. உன் அம்மா பார்த்தாள். நானும் பார்த்தேன். ஆறாவதைத் திருப்பி உள்ளே கொண்டு போய் வைக்க எனக்குக் கை வரவில்லை. அது தட்டிலேயே ஆடை படிந்து ஆறிப்போயிற்று.

இப்போது எல்லோரும் போய்விட்டார்கள். கூடத்தில் உன் கார்டுப் பெட்டி மட்டும் இருக்கிறது, ஆபீஸ் கம்ப்யூட்டருக்காக நீ எழுதியதைத் துளை துளையாக அடித்து வைத்த அட்டைகள். "இது உங்ககிட்டயே இருக்கட்டும் மாமி, கடையில வச்சா யாராவது துணி சுத்த எடுத்துடுவாங்க" என்று உன் அண்ணன் வைத்துவிட்டுப் போனான். மூடியைத் திறந்தேன். புது நோட்டின் வாசனையும் இல்லை, பழைய புத்தகத்தின் வாசனையும் இல்லை. குளிர்ந்த இரும்பும் காகிதமும் சேர்ந்த ஒரு வாசனை. சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து நீ மாடிப்படி ஏறும்போது உன் புடவையிலிருந்து வருமே, அதுதான். படியில் காலடி கேட்கும் என்று சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் முதல் வருஷத் திதி வருகிறது. எந்த நாளில் செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

நீ போனது மார்கழித் தேய்பிறையில், விடிவதற்கு முன்பு. உன் அம்மா பார்ப்பது வாக்கியப் பஞ்சாங்கம். அதன்படி அந்த நேரத்தில் தசமி பிறந்துவிட்டது. உன் அண்ணன் தி.நகர்க் கடையில் மாட்டியிருப்பது திருக்கணிதம். அதில் அப்போது இன்னும் நவமி. எந்தத் திதியில் உயிர் போயிற்றோ அந்தத் திதியில்தானே வருஷா வருஷம் இலை போட வேண்டும்? நவமி என்றால் இந்த வருஷம் வெள்ளிக்கிழமை வருகிறது. தசமி என்றால் சனிக்கிழமை. நடுவில் ஒரு ராத்திரிதான். ஆனால் உன் அம்மாவுக்கு அது சின்ன விஷயம் இல்லை. "எம்மவ வாசல்ல வந்து நிக்கையில இலை போடலன்னா, பசியோட திரும்பிப் போவாளே மாமி. யாருகிட்டப் போயி கேப்பா?" என்று காலையில் கேட்டாள்.

இதே மாதிரிச் சண்டையைத் தீர்க்கத்தான் நீ அந்தக் கம்ப்யூட்டர் புரோகிராமையே எழுத ஆரம்பித்தாய்.

மாடிப் போர்ஷனுக்கு நீங்கள் குடிவந்த வருஷம் உன் அப்பாவின் திதிக்கு அம்மாவும் அண்ணனும் போட்ட சண்டை கீழே எங்களுக்கு நன்றாகக் கேட்டது. அவள் ஒரு நாள் சொன்னாள், அவன் ஒரு நாள் சொன்னான். நீ இறங்கி வந்து எங்கள் சமையலறை வாசலில் நின்றாய். "மாமி, நிலா அன்னிக்கு எங்க இருந்துதுன்னு கணக்குப் போட்டா முடிஞ்சுபோச்சு. ரெண்டு பஞ்சாங்கமும் வேண்டாம். எங்க ஆபீஸ் மெஷின் போட்டுத் தரும்" என்றாய். சனிக்கிழமை மத்தியானம் மெஷின் சும்மா இருக்கும், சொந்தக் கணக்குப் போட்டுக்கொள்ள உன் ஆபீஸ் பெரியவர் அனுமதி கொடுத்திருக்கிறார் என்றும் சொன்னாய். உன் முகத்தில் அன்று இருந்த வெளிச்சம் எனக்கு நினைவிருக்கிறது. எதையோ ஒன்றை ஒரேயடியாக நேராக்கிவிடப் போகிறவளின் வெளிச்சம்.

உனக்குச் சரிபார்க்க ஆள் வேண்டியிருந்தது. எனக்குப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. ஆனால் பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டு பக்கத்திலும் யாருக்கு எந்த மாதம் எந்தத் திதி, யார் எந்த வருஷம் எந்த வேளையில் போனார்கள் என்பதெல்லாம் மனசில் கணக்காக இருக்கும். அரிசி உளுந்துக் கணக்கு வைத்திருப்பதுபோலவே இதையும் வைத்திருந்தேன். நீ கேட்பாய், நான் சொல்வேன், நீ எழுதிக்கொள்வாய். பிறகு உன் தாள்களை எனக்கே பிரதி எடுக்கக் கொடுத்தாய், உன் கையெழுத்து கார்டு அடிக்கும் பெண்களுக்குப் புரியவில்லை என்று. மத்தியானம் பாத்திரமெல்லாம் கவிழ்த்த பிறகு, கட்டம் கட்டமான அந்தத் தாளில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்தாக எழுதுவேன். எழுத எழுத, எந்த வரி எந்த வரிக்குத் தாவுகிறது, எது எதைக் கூட்டுகிறது என்பது தானாகப் பிடிபட்டது. சஹஸ்ரநாமம் சொல்லிச் சொல்லி அர்த்தம் வந்ததுபோல.

"நீ என்ன, கம்ப்யூட்டருக்கு மடி ஆசாரம் எல்லாம் சொல்லிக் குடுக்கறயா?" என்று அகத்துக்காரர் கேலி செய்வார்.

"அதுக்கு மாமியவிட ஆசாரம் ஜாஸ்தி மாமா" என்றாய் நீ. "ஒரு கமா தள்ளி இருந்தா தீட்டுன்னுடும்."

ஒரு சனிக்கிழமை நீ வாடிப்போன முகத்தோடு திரும்பி வந்தாய். கார்டுக் கட்டு முழுசாகக் கையில் இருந்தது. கூடவே ஒரு தாள், அதில் ஒரே ஒரு வரி.

"எடுத்துக்கமாட்டேன்னு சொல்லிடுச்சு மாமி."

"எங்கே தப்பாம்?"

"தப்பே இல்ல. பெரிசா இருக்காம்." நீ முற்றத்துப் படியில் உட்கார்ந்துகொண்டாய். "நான் எழுதினது அப்படியே மெஷினுக்குப் புரியாது. நடுவுல ஒரு மொழிபெயர்ப்பாளர் இருக்கார்னு வச்சுக்குங்க. அவர் எல்லாத்தையும் மெஷின் பாஷையில மாத்தித் தரணும். ஆனா ஒரு துண்டு இவ்வளவு நீளந்தான் இருக்கலாம்னு அவருக்கு ஒரு கணக்கு. அதுக்கு மேல ஒரு வரி போனாலும் மொத்தத்தையும் திருப்பிடுவார். நான் எல்லாத்தையும் ஒரே துண்டா எழுதிட்டேன்."

"தப்பில்லாததைத் திருப்பி அனுப்பறதா? இது என்னடி நியாயம்."

"என்னப் பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரிதான் மாமி. எல்லாம் நல்லா இருக்கு, படிப்புதான் ஜாஸ்தின்னுட்டுப் போவாங்களே." சொல்லிவிட்டு நீயே சிரித்தாய். நான் சிரிக்கவில்லை.

முதலில் நீ நீளத்தைப் பார்த்து வெட்டினாய். கார்டுக் கட்டை இரண்டாகப் பிரித்தாய். இப்போது மெஷின் எடுத்துக்கொண்டது. ஆனால் அடித்துக் கொடுத்த தாளில் பௌர்ணமிக்கு மறுநாள் அமாவாசை வந்தது. கணக்கின் நடுவில் வெட்டிவிட்டாய். முதல் துண்டு பாடுபட்டுக் கண்டுபிடித்த நிலாவின் இடத்தை இரண்டாவது துண்டுக்கு யாரும் சொல்லவில்லை. அது தன் இடத்தில் ஏற்கெனவே கிடந்த எண்களை எடுத்து, அதுதான் நிலா என்று நம்பி மேலே போய்விட்டது. யாரோ விட்டுப்போனதைத் தன்னுடையது என்று நம்பிக்கொண்டு, கொஞ்சமும் தயங்காமல் கணக்குப் போடுகிற ஒன்று.

பிறகு நீ நீளத்தை விட்டுவிட்டு வேலையைப் பார்த்துப் பிரித்தாய். திதிக்கு ஒரு துண்டு, நட்சத்திரத்துக்கு ஒன்று, யோகத்துக்கு ஒன்று, கரணத்துக்கு ஒன்று. எல்லோரும் எழுதவும் படிக்கவும் பொதுவாக ஒரு பலகை. ஒவ்வொன்றும் தான் கண்டுபிடித்ததை அதில் எழுதிவைத்துவிட்டுப் போகும், அடுத்தது அதைப் பார்த்துத் தொடரும். இடமும் மெஷினுக்குள் குறைவு என்றாய்.

"நாலு பேரும் ஒண்ணா உக்கார முடியாது மாமி. ஒரே மணைதான் போட்டிருக்கு. ஒருத்தர் வேலைய முடிச்சு எழுந்தா, அடுத்தவர் அதே மணையில வந்து உக்காருவார்."

"எழுந்துண்டவரோட சூடு மணையில இருக்குமேடி" என்றேன்.

நீ பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய். "இருக்கும்" என்றாய்.

அப்போதுதான் நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். "வாரம் எங்கே?"

"கிழமையா? அது ஒரு வரிதான். ஆரம்பத்துலயே போட்டாச்சு. அதுக்குத் தனித் துண்டு வேண்டாம்."

"திதி, வாரம், நட்சத்திரம், யோகம், கரணம். அஞ்சு அங்கம். நாலோட எப்படிடீ பஞ்சாங்கம்னு சொல்றது? அங்கம் குறைஞ்ச விக்கிரகத்துக்கு யாராவது தீபாராதனை காட்டுவாளா?"

நீ எவ்வளவோ சொன்னாய். மெஷினுக்குச் சாமி கிடையாது என்றாய், வேலை இல்லாத துண்டு வீண் என்றாய். நான் விடவில்லை. பித்ருக்களுக்கு நாள் பார்க்கிற காரியம், குறையோடு செய்யக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தேன். கடைசியில் அலுத்துப்போய், இரண்டே கார்டில் ஓர் ஐந்தாம் துண்டை எழுதிச் சேர்த்தாய். முதல் கார்டில் அதன் பெயர். அடுத்த கார்டில் திரும்பிப் போ என்று ஒரு சொல்.

"போதுமா? கூப்பிட்டா வரும். மணையில உக்காரும். ஒண்ணும் பண்ணாது. எழுந்து போயிடும்."

போதும் என்று சொன்னேன். மனசு நிறைந்துதான் சொன்னேன்.

தரமணியில் உன் ஆபீஸுக்கு நான் முதல் தடவை வந்தது அதை ஓட்டிப் பார்க்கத்தான். அடையாற்றுப் பாலம் தாண்டிப் பஸ் போகப் போக வீடுகள் குறைந்து புதரும் மண் ரோடுமாக ஆயிற்று. உன் கட்டடத்தில் அந்த அறை வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே மார்கழி விடியலைவிடக் குளிர். ஒரு சாமான் பாக்கியில்லாமல் எல்லாம் சாம்பல் நிறம். எதுவோ இடைவிடாமல் தாழ்ந்த குரலில் முனகிக்கொண்டே இருந்தது. கர்ப்பக்கிரகத்தின் முன்னால் நிற்கிறோம், ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை என்பதுபோல் இருந்தது எனக்கு. கை தானாகக் கூப்பிக்கொண்டது.

மெஷினில் கார்டு போடும் சைதாப்பேட்டைக்காரர் அதைப் பார்த்துவிட்டார். "இன்னா மாமி, கும்புட்ற? இது வரங்கிரம் ஒண்ணும் குடுக்காது. கார்டு துன்னும், பேப்பரு கக்கும், அவ்ளோதான்."

என் வீட்டு மனிதர்கள் பெயர் பெயராக அச்சில் வந்தார்கள். மாமனார், அவருடைய தகப்பனார், என் அம்மா, என் பெரியப்பா. இங்கிலீஷ் பெரிய எழுத்தில் பெயர், பக்கத்தில் மாதம், பட்சம், திதி. நான் மனசுக்குள் சொல்லச் சொல்ல அதுவும் அதையே சொல்லிக்கொண்டு வந்தது. எல்லாம் சரியாக இருந்தது. உன் அப்பாவும் வந்தார். அவருக்கு என்ன வந்தது என்று பார்த்து நீ உதட்டைக் கடித்துக்கொண்டாய். அண்ணன் சொன்ன நாள்தான்.

அவருடைய பெயர்தான் கடைசி. ஆனால் மெஷின் நிற்கவில்லை. இன்னொரு வரி அடித்தது. பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. பக்கத்தில் மார்கழி, கிருஷ்ண பட்சம், தசமி.

"இன்னாக்கா இது" என்று சைதாப்பேட்டைக்காரர் உன்னிடம் கேட்டார். "பேரே இல்லாத ஆளுக்குலாம் தெவசம் போட்டுக்கினு கீது உன் மிஷினு?"

நீ சிரித்துக்கொண்டேதான் விளக்கினாய். கடைசிப் பெயர் முடிந்த பிறகு ஒரு தடவை கூடுதலாகச் சுற்றுகிறது, பெயர் இல்லை, ஆனால் பலகையில் பழைய எண்கள் அழியாமல் இருக்கின்றன, அதை வைத்து ஒரு வரி போட்டுவிட்டது என்றாய். பஸ்ஸில் வரும்போது நான் கேட்டேன், "பழசுதான் தங்கியிருக்குன்னா உங்கப்பாவோட திதி இல்லையோ மறுபடி வரணும்? இது வேற மாசம், வேற திதி. நான் குடுத்த பேர்ல யாருக்குமே இது கிடையாதே."

நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

அதற்கப்புறம் எத்தனையோ சனிக்கிழமை நீ அதன் பின்னாலேயே அலைந்தாய். பெயர்களின் வரிசையை மாற்றினாய். கடைசியில் வேறு ஆளை வைத்தாய். பலகையைத் துடைத்துவிட்டு ஆரம்பிக்கச் சொன்னாய். ஒரு வாரம், "போயிடுச்சு மாமி!" என்று படியேறாமல் வாசலிலிருந்தே கத்தினாய். அடுத்த வாரம் அது மறுபடி வந்து உட்கார்ந்திருந்தது. எப்போதும் அதே மார்கழி, அதே தசமி. மிச்சமாகக் கிடந்த எண்கள் என்றால் ஒவ்வொரு தடவையும் மாறியிருக்க வேண்டும் அல்லவா? அதை நீதான் சொன்னாய், நான் இல்லை.

ஒருநாள் சாயங்காலம், நான் விளக்கேற்றிக்கொண்டிருந்தபோது வந்து நின்றாய். "மாமி, உங்க வீட்டுல நீங்க சொல்லாம விட்டுப்போனவங்க யாராவது இருக்காங்களா? பேர் இல்லாம?"

எனக்குத் திரி நழுவிற்று. உனக்குத் தெரியாது. உன்னிடம் நான் சொன்னதில்லை. பெயர் வைக்கும் முன்பே போன குழந்தை எனக்கு ஒன்று உண்டு. அதற்குத் திதி கிடையாது, தர்ப்பணம் கிடையாது, சாஸ்திரத்தில் இடமே இல்லை. ஆனால் அது போனது பங்குனியில். "இல்லை" என்று சொன்னேன். நீ தலையை ஆட்டிவிட்டு மேலே போனாய். அந்த வாரத்திலிருந்து அந்த வரியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாய். "அது வந்தா வந்துட்டுப் போகட்டும் மாமி" என்று மட்டும் ஒரு தடவை சொன்னாய், வீட்டுக்கு வருகிற யாரையோ பற்றிச் சொல்வதுபோல.

மஞ்சள் காமாலை என்று உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கார்த்திகை முடியும் சமயம். திரும்பி வந்துவிடுவாய் என்றே எல்லோரும் இருந்தோம். தெருவில் மார்கழி பஜனை போய்க்கொண்டிருந்த ஒரு விடியற்காலையில் உன் அண்ணன் வந்து கதவைத் தட்டினான். அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே நான் அன்றைய திதியை நினைத்தேன். என்னை மன்னித்துக்கொள். அழுகைக்கு முன்னால் அது வந்தது.

போன மாதம் உன் ஆபீஸிலிருந்து உன் சாமான்களை அனுப்பினார்கள். பெட்டியைப் பார்த்ததும் உன் அண்ணனுக்கு ஒரு யோசனை. "அவ எழுதினதுதானே மாமி. அதையே கேட்டுடலாம். அது சொன்னா அம்மாவும் ஒத்துக்குவாங்க. நீங்க கூட வாங்க, எனக்கு அங்க ஒண்ணும் புரியாது" என்றான். உன் பெரியவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு சனிக்கிழமை போனோம். அதே குளிர், அதே முனகல். சைதாப்பேட்டைக்காரர் என்னைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அக்கா போனதுலேந்து இந்த ரூமே ஒரு மாதிரியா கீது மாமி" என்றார்.

உன் பெயரும் நீ போன நாளும் வேளையும் ஒரு கார்டில் அடித்து, எல்லோருக்கும் கடைசியில் வைத்தோம். உன் அப்பாவுக்கு அடுத்தது நீ. மெஷின் அடித்தது. எல்லோரும் வந்தார்கள். கடைசியில் உன் பெயர், மார்கழி, கிருஷ்ண பட்சம், நவமி. அதோடு நின்றுவிட்டது. பெயரில்லாத வரி வரவில்லை.

"பாத்தீங்களா! நவமி!" என்று உன் அண்ணன் பெருமூச்சு விட்டான். எனக்கும் ஒரு பாரம் இறங்கியதுபோல்தான் இருந்தது. ஆனால் மெஷின் ஓரத்தில் ரப்பர் பேண்டு போட்டு மூன்று கார்டு தனியாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டேன்.

"அது ஏன் வெளியிலே இருக்கு?"

"அதுவா? அதுல ஒண்ணுமே இல்ல மாமி. சும்மா வந்துட்டுப் போற கார்டு. அத்தக் கூப்புட்ற கார்டையும் எடுத்துட்டேன். சுத்தமா ஓடும்ல?"

நான் அப்படியே விட்டிருக்கலாம். உன் அண்ணன் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றான். ஆனால் அது நீ முடித்து வைத்த கட்டு இல்லையே என்று தோன்றியது. நான் கேட்டு, நீ அலுத்துக்கொண்டு, நாம் இருவரும் சேர்ந்து வைத்தது ஐந்து. "அதையும் சேர்த்துப் போடுங்கோ" என்றேன்.

சேர்த்துப் போட்டார். மாமனார் வந்தார். அம்மா வந்தாள். பெரியப்பா வந்தார். உன் அப்பா வந்தார். அடுத்த வரியில் உன் பெயர் இல்லை. அந்த இடம் வெறுமையாக இருந்தது. பக்கத்தில் மார்கழி, கிருஷ்ண பட்சம், தசமி.

சைதாப்பேட்டைக்காரர் பேப்பரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நைனா, அச்சு நல்லாத்தான் கீது" என்று உன் அண்ணனிடம் மெதுவாகச் சொன்னார். "பேர மட்டும் வுட்டுச்சு." இன்னொரு தடவை ஓட்டட்டுமா என்று அவரும் கேட்கவில்லை, ஓட்டுங்கள் என்று நாங்களும் சொல்லவில்லை.

உன் பெரியவரிடம் இதைக் கேட்டால் விளக்கம் இருக்கும். ஒரு துண்டு கூடினால் மற்றத் துண்டுகள் உட்காரும் இடம் தள்ளிப்போகும், பெயர் இருந்த இடத்தின்மேல் வேறு ஏதாவது ஏறி உட்கார்ந்திருக்கும், கூட்டல் கணக்கில் வேறு எண் கலந்திருக்கும். உன் தாள்களைப் பிரதி எடுத்தவள் நான், இதெல்லாம் எனக்கே தோன்றுகிறது. ஆனால் அந்த வரி நீ போவதற்கு முன்பே, நீ நன்றாக நடமாடிக்கொண்டிருந்தபோதே, வாரா வாரம் வந்துகொண்டிருந்ததே? அதற்கு எந்தத் துண்டு எங்கே தள்ளிப்போயிற்று?

இன்று காலை நடந்தது அதன் தொடர்ச்சிதான். உன் அண்ணன் இரண்டு தாளையும் விரித்து வைத்தான். "பேர் போட்டிருக்கறதத்தானே எடுத்துக்கணும்? பேரே இல்லாத வரிய வச்சுக்கிட்டு என்ன பண்றது? திருக்கணிதமும் நவமிதான் சொல்லுது. கடைக்கு லீவு சொல்லணும், காய்கறி சொல்லணும்."

"எலேய், நீ சும்மா கெட" என்றாள் உன் அம்மா. "அவ அஞ்சும் வச்சுத்தானே எழுதினா? நீ ஒண்ண உருவிப்போட்டுட்டுக் கேட்டா அது என்ன சொல்லும்? எம்மவள அங்கங்கொறையாவா கூப்பிடப் போற? நம்ம பஞ்சாங்கத்துலயும் தசமிதான்."

சாஸ்திரிகள் கையைப் பிசைந்தார். "சம்பிரதாயம் ரெண்டுமே உண்டு. எதை வெச்சுண்டாலும் தோஷமில்லை. ஆனா ஒண்ணைத்தான் வெச்சுக்கணும்."

"ரெண்டு நாளும் பண்ணிட்டா?" என்றேன் நான்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டு நாள் இலை போட்டா ரெண்டு பேரை வரச் சொன்னதா ஆயிடும்மா. ஒருத்தி உங்க பொண்ணு. இன்னொண்ணு யாருன்னு கேட்டா நான் என்ன பேர் சொல்லுவேன்?"

கடைசியில் உன் அம்மாதான் சொன்னாள். "மாமிதான் கூட இருந்து எழுதினாவ. அவுக சொல்லட்டும். அவுக எந்த நாள் சொன்னாலும் நான் மறுக்க மாட்டேன்." உன் அண்ணனும் சரி என்றுவிட்டான். "இதுல நீ தலையிடாதே, அவா ஆத்து விஷயம்" என்று அகத்துக்காரர் என்னிடம் தனியாகச் சொன்னார். ஆனால் அதற்குள் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நவமி என்று சொல்வதில் எனக்கு ஒரு சங்கடமும் இருக்கக் கூடாது. எங்கள் அகத்திலும் திருக்கணிதம்தான். அறிவு அதைத்தான் சொல்கிறது. தசமி என்று சொன்னால், அந்தப் பெயரில்லாத வரி உன்னுடையது என்று நான் ஒப்புக்கொண்டதாக ஆகிறது. நான் பிடிவாதமாகப் போடச் சொன்ன மணையில், வேலை ஒன்றுமில்லாமல் காலியாக இருந்த இடத்தில், உன் நாள் முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்தது என்று ஆகிறது. அதை நான் எப்படிச் சொல்வேன்? சொல்லாமல் விட்டு, அதுதான் உண்மை என்றால், நீ சனிக்கிழமை வந்து பார்க்கும்போது அடுப்பு அணைந்திருக்குமே.

உன்னோடு பழகியதில் எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் ஒன்று உண்டு. எந்த வேலையைப் பாதியில் விட்டு எழுந்தாலும், அடுத்து வருகிறவருக்கு என்ன தெரிய வேண்டுமோ அதைச் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். சாம்பாருக்கு உப்புப் போட்டாயிற்று என்று சொல்கிறேன். பூஜையில் எந்த ஸ்லோகத்தோடு நிறுத்தினேன் என்று சொல்கிறேன். அகத்துக்காரர் சிரிக்கிறார். சொல்லாமல் எழுந்து போனால் அடுத்தவர் கையில் கிடைத்ததை வைத்து மேலே போய்விடுவார்கள் என்று நீதானே எனக்குக் காட்டினாய். நீயே அப்படிச் செய்துவிட்டாயே.

நாளைக் காலை உன் அண்ணன் கடைக்குப் போகும் வழியில் வருவான், நான் என்ன சொல்கிறேன் என்று கேட்க. நீ வருவது வெள்ளிக்கிழமையா, சனிக்கிழமையா? எப்படியாவது எனக்குச் சொல். அவன் வருவதற்குள் சொல்.